சிறுமலை அடிவாரத்துக் கொடிமுந்திரி: பெயரும் மரபும்

1. முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே சிறுமலை நீண்டு கிடக்கின்றது. காந்திகிராமமும் சின்னாளபட்டியும் அம்பாத்துறையும் அதன் மேற்கடியில் அமைந்தவை. இவற்றை அடுத்த வெள்ளோடு, பெருமாள்கோவில்பட்டி, ஜாதிக்கவுண்டன்பட்டி முதலிய சிற்றூர்களில் கல்தூண் நாட்டிக் கம்பி இழுத்துப் படரவிட்ட திராட்சைப் பந்தல்களைக் காணலாம். மேற்கே, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் இக்கொடியே பெரும்பரப்பில் வளர்கின்றது. உழவர் இதனைப் பன்னீர்த் திராட்சை என்பர்.

மேலை நாடுகளில் திராட்சை விளையும் நிலம் பெரும்பாலும் மது விளையும் நிலமாகவே எண்ணப்படும். நிலத்தின் பெயரே மதுவின் பெயராக வழங்குதலும் அங்கு இயல்பு. நம் நாட்டு நிலை வேறு. இங்குப் பழம் பழமாகவே உண்ணப்பட்டது, மது சிறுபான்மை. இதனால் நம் திராட்சை நிலத்தின் மரபைப் பற்றி ஒன்றுக்கொன்று மாறான இரு தவறுகள் எழுந்துள்ளன. ஒரு சாரார் இது நேற்று வந்த அயற்பயிர், மதுவோடு தொடர்புடையது, ஆகலின் இதற்கு மரபென ஒன்றில்லை என்பர். மற்றொரு சாரார் இதன் பெருமையை உயர்த்தக் கருதி, சங்கப் புலவர் பாடிய தேறலோடு இதனை இணைத்து ஈராயிரம் ஆண்டுப் பழமை கற்பிப்பர். இவ்விரண்டும் பொருந்தா என்பதையும், இக்கொடிக்குரிய உண்மையான மரபு யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சங்க காலத் தேறல்

சங்க இலக்கியத்தில் மதுவைக் குறிக்கும் சொற்கள் பல. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி என்பன அவற்றுட் சில. இவை பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் அரிசியிலிருந்தும் தேனிலிருந்தும் ஆக்கப்பெற்றவை. மலைவாழ் குறவர் தேனால் ஆக்கிய தேறலை மூங்கிற் குழாயில் இட்டு முதிர வைத்த செய்தி திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் வருகின்றது. இவற்றுள் எதுவும் கொடியில் விளைந்த பழத்தால் ஆயது என்று கூறச் சான்றில்லை.

திராட்சை மது தமிழகத்திற்கு வந்தது கடல் வழியாகவே. புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துங்கால், யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாளும் ஊட்ட அவன் இனிது வாழ்தல் வேண்டும் என்கின்றார். அப்பாட்டில் யவனர் கொணர்ந்த முறையைச் சுட்டும் ‘நன்கலம்’ என்னும் சொல் இருபொருள் படுவது. கலம் என்பது மரக்கலத்தையும் குறிக்கும். உண்கலம், சாடி முதலியவற்றையும் குறிக்கும். பழைய உரைகாரர் அதனைக் குப்பி எனக் கொண்டார்.

அகழ்வாராய்ச்சி இவ்வுரைக்கு அரண் செய்கின்றது. புதுவைக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாய்வில் இரு கைப்பிடி கொண்ட மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகளின் உடைவுகள் கிடைத்தன. பின்னர் விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை நடத்திய ஆய்வும் இச்சான்றினை விரிவுபடுத்தியது. இச்சாடிகளுட் பல திராட்சை மது கொணர்ந்தவை என்பது அறிஞர் துணிபு. கிரேக்கத்துக் கோசுத் தீவின் சாடி வகையும் அவற்றுள் உண்டு. செங்கடற் செலவு என்னும் கிரேக்க நூலும் முசிறித் துறையில் இறங்கிய பொருள்களுள் மதுவைச் சேர்த்து, அது மிகுதியன்று என்று குறிப்பிடுகின்றது.

இவ்விரு சான்றும் சேர்ந்து உணர்த்துவது ஒன்றே. மது வந்தது, கொடி வரவில்லை. மன்னன் பருகிய அயல்நாட்டுப் பொருள் வேறு. உழவன் நட்டு வளர்த்த பயிர் வேறு. எனவே சங்கத் தேறலைச் சிறுமலை அடிவாரத்துப் பந்தலுக்கு மூலமாக்குதல் பொருந்தாது. இஃது இலக்கியத்துக்கும் நேர்மையன்று, உழவனுக்கும் நேர்மையன்று. தன் உழைப்பால் உண்டான ஒன்றை வேறொருவர் புகழில் ஒட்டவைத்தால், உழைத்தவன் மறைந்து போவான்.

3. சொல்லின் வரலாறு

திராட்சை என்பது ‘திராக்ஷா’ என்னும் வடசொல்லின் திரிபு. இதற்கு மற்றொரு பெயராகத் தமிழில் வழங்கியது முந்திரிகை. இதனை ‘மிருத்வீகா’ என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்துவாரும் உளர். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொணர்ந்த மரம் ஒன்று முந்திரி என்னும் பெயரைத் தனதாக்கிக் கொண்டது. அதன்பின் மரத்தில் காய்ப்பது முந்திரி எனவும், கொடியில் காய்ப்பது கொடிமுந்திரி எனவும் வேறுபடுத்த நேர்ந்தது. பின்வந்த பொருள் பெயரைக் கைப்பற்ற, முன்னிருந்த பொருள் அடைமொழி பெற்று நின்றது. சொல் வரலாற்றில் இத்தகைய இடமாற்றம் அரியதன்று.

கிறித்துவ நூல்களின் தமிழாக்கம் இச்சொற்களுக்குப் புது வாழ்வு தந்தது. விவிலியத்தில் திராட்சைக் கொடியும் தோட்டமும் ஆலையும் மதுவும் மீண்டும் மீண்டும் வருவன. சீர்திருத்தச் சபையாரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு திராட்சச்செடி, திராட்சரசம் என்னும் ஆட்சிகளை நிலைபெறச் செய்தது. கத்தோலிக்கர் வழக்கில் முந்திரிகை, கொடிமுந்திரி என்பனவும் வழங்கின. இங்கே ஒன்று கருதத்தக்கது. மது என்றோ கள் என்றோ கூறாமல் ‘இரசம்’ என்று மொழிபெயர்ப்பாளர் கூறினர். மது என்னும் சொல் தமிழ் மரபில் பெற்றிருந்த இழுக்கு, திருவழிபாட்டுப் பொருளைச் சாராதிருக்க இச்சொல் உதவியது. வள்ளுவர் 93ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையை வைத்த மொழியில் இத்தகைய சொற்றேர்வு வியப்பன்று.

4. கொடி வந்த காலம்

பன்னீர்த் திராட்சையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பது இன்று பரவலாக வழங்கும் செய்தி. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்ற போதும் இச்செய்தியே எங்கும் எடுத்துரைக்கப்பட்டது. இதனை ஆராயாது ஏற்றலும் ஆகாது. ஆராயாது தள்ளலும் ஆகாது.

முதற்கண், பயிரின் வரலாற்றை நோக்குவோம். பன்னீர்த் திராட்சை என்பது மேலை நாட்டார் மஸ்கட் ஹாம்பர்க் என வழங்கும் வகையே. இவ்வகையை இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரிலுள்ள ரெஸ்ட் பார்க் தோட்டத்தில் சீவார்டு ஸ்னோ என்னும் தோட்டக்காரர் 1850 அளவில் உண்டாக்கினார் என்பது திராட்சை வகைப் பதிவுகளிற் காணும் செய்தி. கறுப்பு ஹாம்பர்க் எனப்படும் ஸ்கியாவா குரோசாவும் அலெக்சாந்திரியா மஸ்கட்டும் இதன் பெற்றோர் என்பதை மரபணு ஆய்வு 2003இல் உறுதிப்படுத்தியது. 1850 அளவில் தோன்றிய வகை 1832இல் தமிழகத்திற்கு வந்திருத்தல் இயலாது.

அடுத்து, சமயப் பணியின் வரலாற்றை நோக்குவோம். வீரமாமுனிவர் முதலியோர் பணியாற்றிய பழைய மதுரை மிஷன், இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்ட பின் நலிந்தது. சபை 1814இல் மீண்டும் நிறுவப்பட்டது. ஆயினும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபையார் மதுரைப் பகுதிக்கு மீண்டும் வந்து பணி தொடங்கியது 1838இல்தான். 1832இல் தமிழகத்தில் இருந்த பிரெஞ்சுக் குருமார் புதுவையை நடுவிடமாகக் கொண்ட பாரிசு அயல்நாட்டு மிஷன் சபையினர். ஆகவே 1832 என்னும் ஆண்டைக் கொண்டு திண்டுக்கல், கம்பம் நிலங்களுக்கு நேரே கொடி வந்தது எனத் துணிதற்குச் சமய வரலாறும் இடந்தருவதில்லை.

எனினும் இச்செய்தியை முற்றும் பொய்யெனத் தள்ளுதல் வேண்டா. வாய்மொழி மரபு ஆண்டில் தவறலாம். உறவில் தவறுவது அரிது. திருப்பலிக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. அது திராட்சைப் பழத்தினின்று இயல்பாக ஆக்கப்பெற்றதாதல் வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நெறி. திராட்சை வளரும் நாட்டினின்று வந்த குருமார், தாம் குடியேறிய இடத்தில் கொடி நட்டுப் பார்த்தல் இயல்பே. 1832இல் வேறொரு திராட்சை வகை வந்திருத்தலும், பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலோ அதன் பின்னரோ மஸ்கட் ஹாம்பர்க் வந்து அதன் இடத்தைப் பெற்றிருத்தலும் கூடும். பழைய கொடியின் ஆண்டு புதிய கொடியின் மேல் ஏறியது எனக் கொள்ளின், செய்தியும் கெடாது, சான்றும் கெடாது.

இத்திருத்தத்தால் நம் மரபு சிறுமையுறுமோ எனச் சிலர் அஞ்சலாம். அச்சம் வேண்டா. மரபைக் காக்க வேண்டுவோர் பிறர் எளிதில் உடைக்கக் கூடிய ஆண்டொன்றை அதன் அடித்தளமாக வைத்தல் கூடாது. ஒரே ஓர் ஆண்டு பொய்த்தால், அதன்மேல் எழுந்த உண்மைகளையும் பிறர் ஐயுறுவர்.

5. பன்னீர் என்னும் பெயர்

மேலை நாட்டார் இட்ட பெயரில் இரு நகரங்களின் நிழல் உண்டு. ஒன்று ஹாம்பர்க், மற்றொன்று பெற்றோர் வகை வழிவந்த அலெக்சாந்திரியா. தமிழ் உழவர் அப்பெயரைக் கொள்ளவில்லை, மொழிபெயர்க்கவும் இல்லை. பழத்தைச் சுவைத்து, அதன் மணத்தை அறிந்து, தாம் முன்பே அறிந்த மணம் ஒன்றனோடு ஒப்பிட்டுப் பன்னீர் என்றனர். திருமண வீட்டு வாயிலில் தெளிக்கப்படும் பன்னீரின் மணத்தைப் பழத்தில் கண்டமை எளிய செய்தியன்று.

இவ்வொப்புமை வெறும் கற்பனையுமன்று. மஸ்கட் இனத் திராட்சையின் மணத்திற்குக் காரணமான பொருள்கள் லினலூல், ஜெரானியோல், நெரோல் முதலியன என வேதியியலார் கண்டுள்ளனர். இவற்றுள் ஜெரானியோல் ரோசாப்பூவின் மணத்திலும் சிறந்த இடம் பெறுவது. எனவே பழத்தின் மணமும் பன்னீரின் மணமும் ஓரளவு ஒரே பொருளால் ஆனவை. ஆய்வுக்கூடம் பின்னர்க் கண்ட உறவை மூக்கும் நாவும் முன்பே கண்டு பெயரிட்டன. அயல்நாட்டுப் பழமொன்று தமிழ்ப் பொருளாக மாறிய இடம் இப்பெயரே எனலாம். நட்டவர் யாரெனத் தெரியாது போயினும், பெயரிட்டவர் தமிழர் என்பதில் ஐயமில்லை.

6. பந்தலும் கவாத்தும்

குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி கூதிர்க்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். இளவேனிலில் விழித்துத் தளிர்க்கும். ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். நம் சமவெளியில் கொடிக்கு உறக்கமில்லை. தன் போக்கில் விட்டால் நுனி நீண்டு வளர்ந்துகொண்டே போகும், காய்ப்புக் குன்றும். ஆகலின் குளிர்காலம் செய்யும் பணியை இங்கே உழவனின் கத்தரிக்கோல் செய்கின்றது. நறுக்கியபின் புதுத் தளிர் எழும். தளிரோடு பூங்கொத்துத் தோன்றும். ஏறத்தாழ நான்கு திங்களில் பழம் பறிக்கலாம். மார்கழி, தை அளவில் நறுக்கினால் சித்திரை, வைகாசியில் அறுவடை. வைகாசி, ஆனி அளவில் மீண்டும் நறுக்கினால் ஆவணி, புரட்டாசியில் மற்றோர் அறுவடை. தோட்டந்தோறும் நாளை மாற்றி நறுக்குவதால் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கின்றது. மேலை நாட்டு நூல்களில் வாராத இவ்வறிவு நம் உழவர் தம் மண்ணில் வளர்த்துக் கொண்டது.

இத்தொழிலின் பெயர் கவாத்து. படைப்பயிற்சிக்கும் இப்பெயரே வழங்கும். உருது மொழி வழியாக வந்ததாகக் கருதப்படும் இச்சொல், ஒழுங்குபடுத்தல் என்னும் பொதுப்பொருளால் படைஞனுக்கும் கொடிக்கும் உரியதாயிற்று எனலாம். கொடியைத் தாங்கும் அமைப்பின் பெயரோ பந்தல். பந்தர் என்னும் வடிவில் சங்க இலக்கியத்தில் பயின்ற பழஞ்சொல் இது. பற்றுக்கோடின்றி நின்ற முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதை, படர் கொடிக்குத் துணை வேண்டும் என்னும் எளிய உண்மையின் மேல் எழுந்தது. திராட்சை என்னும் வடசொல்லும் கவாத்து என்னும் உருதுச் சொல்லும் பந்தல் என்னும் தமிழ்ச் சொல்லும் ஒரே தோட்டத்தில் நின்று பணியாற்றுகின்றன. இத்தொழிலின் வரலாறு இம்மூன்று சொற்களிலேயே அடங்கியுள்ளது.

இத்தொழிலின் இடர்களும் சிறியவையல்ல. சாம்பல் நோய் 1845இல் இங்கிலாந்திலும், அடிச்சாம்பல் நோய் 1878இல் பிரான்சிலும் கண்டறியப்பட்டன. இரண்டும் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றவை. இன்று இவை நம் பந்தல்களையும் தாக்குகின்றன. பழம் முதிரும் காலத்து மழை ஒன்றே ஒரு போகத்தின் உழைப்பை அழித்துவிடும். விதையில்லாத் திராட்சையை விரும்பும் சந்தையில், விதையுள்ள பன்னீர்த் திராட்சை விலைபோவதும் எளிதன்று.

7. மதுவிலக்கும் கொடியும்

காந்திகிராமம் 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாராலும் ஜி. இராமச்சந்திரனாலும் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு, 1948இல், சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னோட்டமாக இராசாசி 1937இல் சேலம் மாவட்டத்தில் அதனைத் தொடங்கியிருந்தார். மதுவிலக்கைத் தலையாய கொள்கையாகக் கொண்ட காந்தியடிகளின் பெயர் தாங்கிய நிலத்தின் அருகே திராட்சைப் பந்தல் நிற்பதில் முரண்பாடு உண்டோ என்னும் வினா எழலாம்.

முரண்பாடு இல்லை என்பதே நம் விடை. நாசிக் பகுதியைப் போல நம் நிலத்தின் திராட்சை மதுவுக்காக வளர்ந்ததன்று. நாசிக் பள்ளத்தாக்கு ஒயின் என்னும் பெயர் புவிசார் குறியீடு பெற்றது. நம் பக்கத்தில் அக்குறியீடு பெற்றது பழம். கம்பம் பள்ளத்தாக்குப் பழத்தைக் கொண்டு ஒயின் செய்யும் முயற்சி இந்நூற்றாண்டில் தொடங்கிற்று எனினும், உழவரின் வாழ்வு இன்றும் கூடையிலும் சந்தையிலுமே உள்ளது. திருப்பலிக்கான இரசம் மதுவிலக்குச் சட்டத்தினுள்ளும் உரிமத்தோடு இடம் பெற்றது. கள்ளுண்ணாமையைக் கூறிய மொழியே தேறலின் வகைகளையும் பதிவு செய்தது. ஒரு பொருளின் வரலாற்றை எழுதுதல் வேறு. அதனைப் பருகுமாறு தூண்டுதல் வேறு. சிற்றூரின் கைத்திறத்தைப் போற்றுதல் காந்தியடிகளின் நெறிக்கு உட்பட்டதே.

8. பெயரும் உரிமையும்

நிலத்தின் பெயரைப் பொருளின் பெயராகக் காக்கும் சட்டமுறையைப் பிரான்சு நாடு 1935இல் மதுவுக்கு வகுத்தது. இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில் உள்ளது. இதன்வழி 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சை பெயருரிமை பெற்றமை மகிழ்ச்சிக்குரியது. தமிழகத்துத் திராட்சைப் பரப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடு பன்னீர் வகையே என அவ்வமயம் கூறப்பட்டது.

ஆயினும் அப்பெயர் சுட்டும் நிலம் கம்பம். 1985 வரை திண்டுக்கல்லும், 1996 வரை தேனிப் பகுதியும் மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்தன. ஒரே மாவட்டத்தில் ஒரே கொடியை வளர்த்தோர், எல்லைக்கோடு மாறியதால் இரு மாவட்டத்தார் ஆயினர். பெயர் ஒருசாரார்க்குக் கிட்டியது. சிறுமலை அடிவாரத்தார்க்கு வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. கம்பத்தாரின் உரிமையைக் குறைத்தல் நம் கருத்தன்று. பெரியாற்று அணையின் நீர் 1895 முதல் பாய்ந்த பள்ளத்தாக்கின் வரலாறு வேறு. கிணற்று நீரை நம்பிய சிறுமலை அடிவாரத்தின் வரலாறு வேறு. இரண்டும் தனித்தனியே எழுதப்படுதல் வேண்டும்.

பெயர் மட்டும் பயிரைக் காவாது என்பதற்குச் சிறுமலையே சான்று. சிறுமலை வாழையும் விருப்பாட்சி வாழையும் 2008இல் புவிசார் குறியீடு பெற்றன. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே முடிக்கொத்து நோய் மலைவாழைத் தோட்டங்களை அழித்துப் பரப்பைக் குறைத்துவிட்டது. பெயர் வந்தபோது பழம் அருகியிருந்தது. பன்னீர்த் திராட்சைக்கு அந்நிலை வாராமல் காத்தல் வேண்டும். அதற்கு நோய் பற்றிய ஆராய்ச்சி எத்துணை வேண்டுமோ அத்துணை வேண்டுவது உழவர் அறிவின் பதிவு.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: சங்க காலத்தில் யவனர் மது வந்தது, கொடி வந்ததற்குச் சான்றில்லை. பன்னீர்த் திராட்சை எனும் வகை 1850 அளவில் தோன்றியதாகலின் 1832 என்னும் ஆண்டு அவ்வகைக்குப் பொருந்தாது. ஆயினும் பிரெஞ்சுக் குருமாரோடு திராட்சைக்குள்ள உறவு நம்பத்தக்கதே. பெயரும் பந்தலும் கவாத்து முறையும் தமிழ் உழவர் ஆக்கியவை. இக்கொடியின் மரபு வயதால் பெரியதன்று, வினையால் பெரியது.

தமிழ் முதுகலை மாணாக்கர்க்கு இங்கே பெரும்பணி காத்திருக்கின்றது. பங்குக் கோவில்களின் பழைய கணக்கேடுகளும் குருமாரின் கடிதங்களும் சிற்றூர்ப் பத்திரங்களும் கொடியின் வரவை ஆண்டோடு கூறவல்லவை. அவற்றினும் விரைந்து தொகுக்கத்தக்கன பந்தலடியில் வழங்கும் சொற்கள். கவாத்தின் வகைகளுக்கும் கொத்தின் பருவங்களுக்கும் நோயின் அறிகுறிகளுக்கும் முதிய உழவர் வழங்கும் பெயர்கள் அகராதிகளில் இடம்பெறாதவை. ஏட்டில் உள்ளது நாளையும் இருக்கும். நாவில் உள்ளது அந்நாவோடு போகும். வெள்ளோடும் பெருமாள்கோவில்பட்டியும் நம் பல்கலைக்கழக வாயிலிலிருந்து தொலைவில் இல்லை. அச்சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியாக ஆக்குவோமாயின், சிறுமலை அடிவாரத்து உழவர் தம் பெயருரிமையைக் கோருங்கால் அதுவே அவர்க்கு முதற் சான்றாகும்.